கணினித் திரையில் சிறிய எழுத்தும் இரண்டு விசைகளும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கல்விப் பிரிவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டு முடிந்த நிலையில், கல்விப் பிரிவுக்கென ஒதுக்கப்பட்ட இந்த அரை மணி நேரத்தை மிகச் சிறியதொரு விஷயத்துக்காகச் செலவிட விரும்புகிறோம். கணினித் திரையில் எழுத்து பொடியாகத் தெரிந்தால் அதை விசைப்பலகையைக் கொண்டே பெரிதாக்கி, தெளிவாக்கிப் படிப்பது எவ்வாறு என்பதே அது. இதற்கும் ஓர் உரையா என்று பின்வரிசையில் இளைஞர்கள் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. கல்லூரியில் கணினி பயிலும் பிள்ளைகளுக்கு இது அரிச்சுவடிப் பாடம்தான். ஆயினும் அந்த அரிச்சுவடி அவர்களுடைய தந்தையருக்கும் தாய்மாருக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை என்பதை அண்மையில் நாம் கண்கூடாகக் கண்டோம்.

2025-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழகத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தப் பணி தொடங்கியதும், டிசம்பரில் வரைவுப் பட்டியல் வெளியிடப்பட்டதும் அனைவரும் அறிந்தவையே. தமது பெயரும் வீட்டாரின் பெயர்களும் பட்டியலில் உள்ளனவா என்று சரிபார்க்க நமது அலுவலகக் கணினியைத் தேடிப் பலர் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அம்பத்தூரின் தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். 1949-இல் டி.ஐ. சைக்கிள் ஆலையும், 1964-இல் தொழிற்பேட்டையும் இவ்வூருக்கு வந்த காலந்தொட்டு, கடைசலும் அச்சு வார்ப்பும் தரச்சோதனையுமாக வாழ்ந்த தலைமுறை அது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை மைக்ரோமீட்டரில் அளந்து, சரி அல்லது தவறு என்று கையெழுத்திட்டவர்கள் அவர்கள். அத்தகையோர் கணினிக்கு முன் வந்ததும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, "தம்பி, நீயே பார்த்துச் சொல்லுப்பா" என்றனர். ஏன் என்று கேட்டால், "எழுத்து தெரியலப்பா" என்பது பதில். கணினி தெரியாது என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எழுத்து தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள்.

தம்பிமார்களும் அன்போடு பார்த்துச் சொன்னார்கள். ஆனால் வரிசையில் பலர் காத்திருக்கும்போது வேகமாகப் பார்க்கும் கண்ணுக்கும், தன் பெயரைத் தானே தேடும் கண்ணுக்கும் வேறுபாடு உண்டு. 'இல்லை' என்று சொல்லப்பட்ட ஓர் அம்மையாரின் பெயர், அதே பக்கத்தைப் பெரிதாக்கி அவர் தாமே பார்த்தபோது, 'பீவி' என்பதற்குப் பதில் 'பீபி' என்ற எழுத்துகளோடு நடுக்கட்டத்தில் இருந்தது. இதனை முன்னிட்டே இன்றைய பொருளைத் தேர்ந்தோம்.

முதலில் கண்ணைப் பற்றிச் சற்றுப் பார்ப்போம். நாற்பது வயதையொட்டி, கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை தன் நெகிழ்ச்சியை இழக்கத் தொடங்குகிறது. அண்மையில் உள்ள பொருளைப் பார்க்க அது தடித்துக் கொடுக்க வேண்டும். அது இயலாமற் போகிறது. நம் முன்னோர் இதை வெள்ளெழுத்து என்றும் சாளேசுவரம் என்றும் அழைத்தார்கள். இது நோயன்று, எல்லார்க்கும் வருவது. இதற்காக நாம் வாங்கும் படிப்புக் கண்ணாடி, கையில் புத்தகம் பிடிக்கும் தூரத்துக்கு, அதாவது ஏறத்தாழ 40 சென்டிமீட்டருக்கு அளந்து தரப்படுவது. மேசைமேல் இருக்கும் கணினித் திரையோ 50 முதல் 70 சென்டிமீட்டர் தொலைவில் நிற்கிறது. தூரப் பார்வைக்குரிய மேற்பகுதியிலும் அது தெளிவாக விழாது. கிட்டப் பார்வைக்குரிய கீழ்ப்பகுதியிலும் விழாது. அதனால்தான் இரட்டைக் கண்ணாடி அணிந்தவர்கள் கணினிக்கு முன் மோவாயை உயர்த்திக்கொண்டு பார்ப்பதும், அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கிறது என்று எழுந்துவிடுவதும். கண்ணாடியைக் குறைகூறிப் பயனில்லை. அது வேறொரு தூரத்துக்காகச் செய்யப்பட்டது.

இதனோடு நமது தமிழெழுத்தின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கில எழுத்து சிறிதானாலும் ஓரளவு ஊகித்துப் படித்துவிடலாம். தமிழில் 'க' என்பதற்கும் 'க்' என்பதற்கும் இடையே இருப்பது ஒரு புள்ளி மட்டுமே. மேலே புள்ளியும் இகர ஈகாரக் கொம்புகளும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் என்று மேலும் கீழுமாக விரிந்து நிற்பது நம் எழுத்து. திரையில் அளவு குறையும்போது முதலில் மறைவது புள்ளி. அடுத்து ஒன்றுபோல் தோன்றத் தொடங்குவது 'ன'வும் 'ண'வும். நம் பெயர்களிலோ ஷ, ஸ, ஹ, ஜ என்னும் எழுத்துகள் மிகுதி. இவை கோடுகள் நெருங்கிய எழுத்துகள். சிறு அளவில் 'ஷ'வும் 'ஸ'வும் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரியும். முஹம்மது, முகமது, மொகமது என்றும், ஷாஹுல், சாகுல் என்றும் ஒரே பெயர் பலவாறு எழுதப்படும் நம் சமுதாயத்தில், எழுத்தெழுத்தாகப் பார்ப்பது வீண் நுணுக்கமன்று. ஆதாரில் ஒரு விதமாகவும் வாக்காளர் அட்டையில் ஒரு விதமாகவும் பெயர் இருந்ததால் அலைந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள்.

இனி விசைகளுக்கு வருவோம்.

விசைப்பலகையின் இடப்புறக் கீழ்மூலையில் கண்ட்ரோல் என்னும் விசை உண்டு. சில மடிக்கணினிகளில் மூலையில் எஃப்என் என்ற வேறொரு விசை அமர்ந்திருக்கும். அப்போது அதற்கு அடுத்திருப்பது கண்ட்ரோல். அந்தக் கண்ட்ரோல் விசையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டே, மேல் வரிசையில் எண்களுக்கு வலப்பக்கம் உள்ள கூட்டல் குறியை ஒருமுறை தட்டுங்கள். இணையப் பக்கத்தின் எழுத்து ஒரு படி பெரிதாகும். மீண்டும் தட்டினால் மேலும் ஒரு படி. கூட்டல் குறியும் சமக்குறியும் ஒரே விசையில் இருப்பதால், ஷிஃப்ட் விசையை அழுத்த வேண்டுமோ என்று ஐயுற வேண்டாம், வேண்டியதில்லை. கழித்தல் குறியைத் தட்டினால் சிறிதாகும். தட்டிக்கொண்டே போய் எல்லாம் பூதாகாரமாகிவிட்டால் அஞ்ச வேண்டாம். கண்ட்ரோலோடு பூஜ்யத்தைத் தட்டினால் பழைய அளவுக்கு வந்துவிடும். கண்ட்ரோலை அழுத்தியபடி மவுஸின் சக்கரத்தை உருட்டினாலும் இதே பலன்.

இந்த பூஜ்யத்தைத்தான் நாம் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது நமது அனுபவம். முதியவர்கள் விசையைத் தொடத் தயங்குவதற்குக் காரணம், எதையாவது கெடுத்துவிடுவோமோ என்னும் அச்சம். திரும்பி வரும் வழி தெரிந்துவிட்டால் தயக்கம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய மூன்று உலாவிகளிலும் இவ்விசைகள் ஒன்றே. ஒரு தளத்துக்கு ஒருமுறை அளவை வைத்துவிட்டால், அடுத்த முறை அதே தளத்தைத் திறக்கும்போது உலாவி அந்த அளவை நினைவில் வைத்திருந்து அப்படியே காட்டும்.

இது கணினி நமக்கு அளிக்கும் சலுகை என்று எண்ணிவிடக் கூடாது. இணையப் பக்கத்தின் அமைப்பே இவ்வாறுதான் தொடங்கிற்று. அச்சிட்ட தாளில் எழுத்தின் அளவை அச்சகத்தார் முடிவு செய்துவிடுகின்றனர். படிப்பவர் கண்ணாடியைத்தான் மாற்றிக்கொள்ள முடியும். இணையத்தில் அப்படியன்று. 1994 அக்டோபரில் நார்வே நாட்டவரான ஹோக்கோன் வியூம் லீ என்பவர், ஐரோப்பிய அணு ஆய்வு நிலையமான செர்னில் பணியாற்றிய காலத்தில், இணையப் பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் ஒரு முறையை முன்மொழிந்தார். இன்று உலகின் எல்லா இணையப் பக்கங்களுக்கும் ஆடை உடுத்துவது அம்முறைதான். அதில் அவர் வைத்த ஓர் ஏற்பாடு நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. பக்கத்தை எழுதியவரின் விருப்பம் ஒன்று. படிப்பவரின் விருப்பம் ஒன்று. இரண்டையும் எடைபோட்டுத்தான் உலாவி எழுத்தைக் காட்ட வேண்டும் என்றார். ஆகவே கண்ட்ரோலையும் கூட்டல் குறியையும் தட்டுகிறவர் எவரிடமும் உதவி கேட்கவில்லை. தமக்குத் தொடக்கத்திலிருந்தே தரப்பட்ட ஒரு வாக்கைப் போடுகிறார், அவ்வளவே.

பின்னர் இது விதியாகவும் ஆயிற்று. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-இல் வெளியிட்ட நெறிமுறைகளில், எழுத்தை இருமடங்கு வரை பெரிதாக்கினாலும் பக்கத்தின் பொருளோ பயனோ குறையக் கூடாது என்று உள்ளது. 2018-இல் வந்த திருத்தத்தில், நான்கு மடங்கு பெரிதாக்கினாலும் வரிகள் தாமாக மடிந்து, பக்கவாட்டில் இழுக்காமலேயே படிக்க முடிய வேண்டும் என்று சேர்க்கப்பட்டது. நமது நாட்டிலும் அரசுத் தளங்களுக்கென 2009 முதல் வழிகாட்டு நெறிகள் உள்ளன. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று தீர்ப்பளித்தது. அமிலத் தாக்குதலில் முகமும் கண்களும் சிதைந்தவர்களும், பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. வங்கிக் கணக்குக்கான அடையாளச் சரிபார்ப்பில் கண்ணிமைத்துக் காட்டச் சொல்கிறார்கள், இமைக்க இயலாதவர் என்ன செய்வது என்பது அவர்களின் கேள்வி. வெள்ளெழுத்துக்காரர்களான நாம் அவர்களோடு ஒப்பிடத்தக்கவர்கள் அல்லர் எனினும், அவர்கள் திறந்த வாசல் வழியே நாமும் நுழைகிறோம்.

விதி இருந்தும் சில தளங்களில், எழுத்தைப் பெரிதாக்கியவுடன் பொத்தான்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்வதும், 'சமர்ப்பி' என்னும் பொத்தானே திரைக்கு வெளியே போய்விடுவதும் உண்டு. அரசுத் தளங்களின் உச்சியில் கூட்டல், கழித்தல் குறிகளோடு ஓர் எழுத்து இருக்கும். அதைச் சொடுக்கினால் ஓரிரு படிகள் மட்டுமே பெரிதாகும். அந்தத் தளத்தோடு அதன் வேலையும் முடிந்துவிடும். கண்ட்ரோல் விசை எங்கும் செல்லும். பொத்தான் மறைந்தால் பூஜ்யத்தைத் தட்டி, பொத்தானை அழுத்திவிட்டு, மறுபடி பெரிதாக்கிக்கொள்ளலாம். அழகான வழியன்று, ஆனால் வேலை நடக்கும்.

செய்திப் பக்கங்களில் வேறொரு தொல்லை. விளம்பரங்களுக்கு நடுவே செய்தியைத் தேட வேண்டியிருக்கிறது. எட்ஜ் உலாவியிலும், விண்டோஸில் இயங்கும் ஃபயர்ஃபாக்ஸிலும் எஃப்9 என்னும் விசையைத் தட்டினால், பெரும்பாலான கட்டுரைப் பக்கங்களில் விளம்பரமும் ஓரப் பட்டைகளும் நீங்கி, செய்தி மட்டும் புத்தகப் பக்கம் போல நிற்கும். எஃப்11 தட்டினால் மேலும் கீழும் உள்ள பட்டைகள் மறைந்து முழுத்திரையும் நமக்குக் கிடைக்கும். மறுபடி தட்டினால் திரும்பி வரும்.

இப்போது வாக்காளர் பட்டியலுக்கு வருவோம். இங்கேதான் பலரும் தடுமாறினர். தடுமாறியதில் வியப்பும் இல்லை. இப்பட்டியல் பிடிஎஃப் கோப்பாக வருகிறது. ஒரு பக்கத்தில் மூன்று நிரல்கள், பத்து வரிசைகள், ஆக முப்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அடையாள அட்டை எண் அனைத்தும் அடைக்கப்பட்டிருக்கும். ஆயிரம் வாக்காளர் கொண்ட ஒரு பாகம் என்றால் முப்பத்து நான்கு பக்கங்கள். கண்ட்ரோலோடு எஃப் விசையைத் தட்டிப் பெயரைத் தேடலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். தேடினால் கிடைக்காது. ஏனெனில் இக்கோப்பில் இருப்பது எழுத்தன்று, எழுத்தின் படம். புகைப்படத்தில் இருக்கும் பெயர்ப் பலகையைக் கணினி தேட முடியாதது போலத்தான் இதுவும். தேடக்கூடிய எழுத்தாகவே பட்டியலைத் தர வேண்டும் என்று கமல்நாத் உச்ச நீதிமன்றம் சென்றார். வாக்காளர் விவரங்களை மொத்தமாகத் திரட்டித் தவறாகப் பயன்படுத்த அது வழிவகுக்கும் என்பது தேர்தல் ஆணையத்தின் வாதம். 2018-இல் மனு தள்ளுபடியாயிற்று. அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதன் சுமை, பொடி எழுத்தைக் கண்ணால் தேடும் சாமானியன் மேல்தான் விழுந்தது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. அட்டை எண் கையில் உள்ளவர்கள் ஆணையத்தின் தளத்தில் அந்த எண்ணை இட்டுத் தேடலாம், அதற்குத் தடையில்லை. வீட்டார் அனைவரையும், மணமாகி வேறூர் சென்ற மகளின் பெயர் நீங்கிற்றா என்பதையும், காலமானவர் பெயர் இன்னும் நிற்கிறதா என்பதையும் ஒரே பார்வையில் காண விரும்புவோர் பட்டியலைத்தான் புரட்ட வேண்டும்.

படமாக இருக்கும் பக்கத்தில் எழுத்து மட்டும் பெரிதாகி வரிகள் மடிவது நடவாது. பக்கம் முழுவதுமே பெரிதாகும். ஆகவே கண்ட்ரோலையும் கூட்டலையும் கண்மூடித் தட்டினால் மூன்று நிரல்களில் ஒன்றுதான் திரையில் நிற்கும். மற்றவை வலப்புறம் ஓடிவிடும். வரிசை எண்களோ இடமிருந்து வலமாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று குறுக்கே செல்கின்றன. நாம் கையாண்ட முறை இது. கோப்பை அடோபி ரீடரில் திறந்து, கண்ட்ரோலோடு 2 என்ற எண்ணைத் தட்டினால் பக்கத்தின் அகலம் திரையின் அகலத்தை நிறைக்கும். மூன்று நிரல்களும் தெரியும். முன்னைவிடப் பெரிதாகவும் இருக்கும். அந்த அளவில் வீட்டு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே கீழே இறங்க வேண்டும். எண், எழுத்தைவிட விரைவில் கண்ணில் படும். நம் வீட்டு எண் வந்த இடத்தில் நின்று, அப்போது கூட்டல் குறியைத் தட்டி, அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கி, எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். அடையாள அட்டை எண்ணில் மூன்று ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். 3-உம் 8-உம், 6-உம் 8-உம் மயங்கும் இடம் அதுவே. இவ்வாறு பார்த்தபோது, இரண்டடி தள்ளி நின்ற அந்தப் பெரியவர்கள் தாமே நாற்காலியில் அமர்ந்தார்கள். ஒருவர் தம் தெருவையே பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். தரச்சோதனையில் முப்பது ஆண்டு பணிபுரிந்தவருக்கு இது சொல்லித்தர வேண்டிய வேலையா!

பத்திரப்பதிவுத் துறையின் வில்லங்கச் சான்று, பட்டா சிட்டா நகல் ஆகியவற்றைத் திரையில் பார்ப்போருக்கும் இம்முறை பொருந்தும். சர்வே எண்ணில் உட்பிரிவைக் குறிக்கும் ஆங்கில எழுத்தும் எண்ணும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அச்செடுத்த பின் கண்டுபிடிக்கும் பிழையைவிடத் திரையிலேயே கண்டுபிடிப்பது சிக்கனம்.

உலாவியிலும் பிடிஎஃப் கோப்பிலும் அல்லாமல், திரையில் எது தெரிந்தாலும் பெரிதாக வேண்டும் என்பவர்களுக்கு விண்டோஸிலேயே ஓர் உருப்பெருக்கி உள்ளது. 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல், விண்டோஸ் சின்னம் பொறித்த விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் போதும், பூதக்கண்ணாடி விழித்துக்கொள்ளும். அதே விசையோடு எஸ்கேப் விசையைத் தட்டினால் உறங்கிவிடும். உருப்பெருக்கி இயங்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஐ ஆகிய மூன்றையும் சேர்த்துத் தட்டினால், வெள்ளையில் கறுப்பாக இருந்தது கறுப்பில் வெள்ளையாக மாறும். கண்புரை உள்ளவர்களுக்கு வெண்திரையின் ஒளி கூசும். அவர்களில் சிலருக்கு எழுத்தின் அளவைவிட இந்த நிறமாற்றமே பேருதவியாக இருக்கிறது. இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், பிரிண்ட் ஸ்கிரீன் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை முழுவதும் அழுத்தமான நிறங்களுக்கு மாறட்டுமா என்று கணினி கேட்கும். மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகும். விண்டோஸ் விசையோடு யு விசையைத் தட்டினால் இவையனைத்துக்குமான பக்கம் திறக்கும். அதில் எழுத்தின் அளவை நிலையாகவே உயர்த்தி வைத்துக்கொள்ளவும் இடமுண்டு. மூன்று விசைகளை ஒருசேர அழுத்த விரல் ஒத்துழைக்காதவர்களுக்கு அந்தப் பக்கம் ஒன்றே போதும்.

வேர்டு கோப்பில் ஓர் எச்சரிக்கை. அங்கே கண்ட்ரோலை அழுத்திச் சக்கரத்தை உருட்டினால் காட்சி மட்டும் பெரிதாகும், கோப்பு மாறாது. ஆனால் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலோடு வலப்பக்கச் சதுர அடைப்புக்குறியைத் தட்டினால் எழுத்தே ஒரு புள்ளி அளவு பெரிதாகிவிடும். அச்சிலும் அப்படியே வரும். பிறர் அனுப்பிய கோப்பைப் படிக்க முதல் வழி. நாம் எழுதும் அறிவிப்பைப் பெரிதாக்க இரண்டாம் வழி. தமிழுக்கு அளவை மட்டும் கூட்டினால் போதாது. மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளாமல் இடைவெளியும் வேண்டும். கண்ட்ரோலோடு ஏ தட்டி முழுவதையும் தேர்ந்து, கண்ட்ரோலோடு 5 தட்டினால் வரிகளுக்கிடையே ஒன்றரை மடங்கு இடைவெளி கிடைக்கும். நமது ஜமாஅத்தின் சுற்றறிக்கைகள் இனி இவ்வாறே தயாரிக்கப்பட வேண்டும் என்றும், நோட்டீசைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவதை விடுத்து எழுத்தாகவே அனுப்ப வேண்டும் என்றும் செயற்குழுவை வேண்டிக்கொள்கிறோம். தேர்தல் ஆணையத்துக்காவது ஒரு காரணம் இருந்தது. நமக்கு அதுவும் இல்லை.

பழைய கோப்புகள் சிலவற்றைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகக் குறியீடுகளும் புரியாத எழுத்துகளுமாகத் தெரியும். அங்கே எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன், ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு அக்குழப்பத்தைத் தீர்க்கவே முயன்றது. அத்தகைய கோப்புகளுக்கு உரிய எழுத்துருவைத் தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அலுவலகத்தில் உள்ள பழைய கோப்புகளை அவ்வாறு மாற்ற முன்வரும் மாணவர்கள் கல்விப் பிரிவில் பெயர் தரலாம்.

பெரிதாக்கியும் படிக்க இயலாதவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குக் கணினியே படித்துக் காட்டும். எட்ஜ் உலாவியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் தட்டினால் பக்கம் உரக்க வாசிக்கப்படும். பல்லவி, வள்ளுவர் என்று பெயரிடப்பட்ட தமிழ்க் குரல்களும் அதில் உள்ளன. பார்வை முற்றும் இல்லாதவர்களுக்கென என்விடிஏ என்னும் திரைவாசிப்பு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 2006-இல் அதைத் தொடங்கிய ஆஸ்திரேலியரான மைக்கேல் கர்ரன் தாமே பார்வையற்றவர். படமாக இருக்கும் பிடிஎஃப் கோப்பை இக்குரல்களாலும் நேரடியாக வாசிக்க முடியாது. படமாக அனுப்பாதீர் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்விசைகள் கண் மருத்துவருக்கு மாற்றல்ல. சில மாதங்களுக்குள்ளேயே மேலும் மேலும் பெரிதாக்க வேண்டியிருக்கிறது, நேர்கோடு வளைந்து தெரிகிறது, ஒரு பக்கம் இருண்டு தெரிகிறது என்றால் உடனே காட்ட வேண்டும். சர்க்கரை நோயுள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்வது அவசியம். எழும்பூரில் 1819 முதல் இயங்கிவரும் அரசு கண் மருத்துவமனைக்கு அம்பத்தூரிலிருந்து ரயிலிலேயே போய்வரலாம். கணினி முன் அமர்வோர், கண் பரிசோதிக்கும்போது தம் திரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அளந்து சொன்னால், அதற்கேற்ற கண்ணாடியை எழுதித் தருவார்கள்.

இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். வாப்பாவோ உம்மாவோ "இதைப் பார்த்துச் சொல்லு" என்றால், சட்டென மவுஸைப் பிடித்து நீங்களே படித்துச் சொல்லிவிடுவது எளிது. அது கடமை போலவும் தோன்றும். ஆனால் வங்கிக் கணக்கின் இருப்பு, மருத்துவ அறிக்கையின் முடிவு, சொத்துப் பத்திரத்தின் பங்கு விவரம் ஆகியவற்றை ஒருவர் தாமே படிப்பதற்கும், பிறர் வாயால் கேட்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. பிள்ளை அருகில் இல்லாத நாளில் அவர்கள் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போய், முன்பின் அறியாத ஒருவரிடம் கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வந்த ஓடிபி எண்ணையும் சொல்ல நேர்கிறது. எல்லாக் கடைக்காரரும் தவறானவர்கள் என்று நாம் சொல்லவில்லை. எழுத்து தெரிந்திருந்தால் சொல்லியிருக்கவே வேண்டாம் என்பதுதான் நமது கருத்து. ஆகவே மவுஸை அவர்கள் கையிலேயே விட்டு, கண்ட்ரோல் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள். கூட்டல், கழித்தல், பூஜ்யம் மூன்றுக்கும் பளிச்சென்ற நிறத்தில் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

நமது அலுவலகக் கணினியின் விசைப்பலகையில் அவ்வாறு மஞ்சள் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. விசைகளின் பட்டியல் கொட்டை எழுத்தில் பக்கத்துச் சுவரில் உள்ளது. ஞாயிற்றுக்கிழமைகளில் லுஹர் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம், கல்விப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் அங்கே இருப்பார். தாய்மார்களுக்கென மதரஸா கூடத்தில் உள்ள கணினியில் தனி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. வருவோர் தாம் வழக்கமாக அணியும் கண்ணாடியையும், படிக்க முடியாமல் ஒதுக்கி வைத்திருக்கும் ஏதேனும் ஒரு கோப்பையும் உடன் கொண்டுவந்தால், அதிலேயே பழகிக்கொள்ளலாம்.